ஆணித்தரம்

மத்திய வீதி ஹார்ட்வெயார்க் கடையின்
கண்ணாடி மேசையில் மூன்று நெய்லர்கள்,
மூக்கு மூன்றும் என்னைப் பார்த்தபடி.
அங்கால திருப்பி வையுங்கோ, என்றேன்.
பற்றறி போடல்ல அக்கா, என்றான் நுஸ்கி.
எண்டாலும் திருப்புங்கோ.
திருப்பினான்.

முதலாவது, பதினெட்டாம் கேஜ்.
ஆணியா தையல் ஊசியா என்று கேட்கலாம்.
அலுமாரி விளிம்புப் பட்டிக்கு நல்லது,
துளை தெரியாது, மெழுகு தேய்த்தால் போச்சு.
கதவுநிலைச் சட்டத்தைப் பிடித்து வைக்குமா?
மார்கழியில் இந்த ஊர் மரமெல்லாம்
வாடையைக் குடித்துக் கொழுக்கும்;
ஆனியில் கச்சான் அடிக்க
வற்றி, மூலைப் பொருத்து வாய்பிளந்து சிரிக்கும்.
சிரிப்பு முழுக்க என் கணக்கில்.

இரண்டாவது, பதினைந்து. சரிந்த மூக்கு.
பற்றறியோடு நாலு கிலோவுக்கு மேல்.
ஏணியில் நின்று ஒரு கையால் கோர்னிஸ் பட்டியை,
மறு கையால் இதை?
எனக்கு முந்தி
என் தோள்மூட்டு வேண்டாம் என்றது.

மூன்றாவது பதினாறு.
என் ட்ரில்லின் பற்றறியே இதற்கும் போகும்.
ஆணி முடிந்தால் வெறுமனே அடிக்காமல் நின்றுவிடும்.
விலை ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
ஆணி கொழும்பிலிருந்து வரவேணும், இரண்டு கிழமை.
ஆணித்தரம் என்று மேடையில் சொல்கிறார்கள்,
அதற்கு விலை கேட்டவர் யாரும் மேடையில் இல்லை.

உங்களிட்ட கொம்ப்ரசர் இருக்குதானே, பிறகேன்?

இருக்குது.
அலஸ்தோட்டத்தில் ஒரு வீடு, சமையலறை வேலை.
ஜெயகௌரி மிஸ்ஸி இரவு டியூட்டி முடித்து
காலை எட்டரைக்கு வந்து படுப்பா.
முதல் நாள் கொம்ப்ரசர் உறுமத் தொடங்கியதும்
கதவைத் திறந்து வந்தா. ஏசவில்லை.
டைல் சீமெந்து மூட்டையில் குந்தி
எங்களைப் பார்த்துக்கொண்டே
இருந்தபடி நித்திரையாகிப் போனா.
ப்ளக்கைக் கழற்றினேன்.
அன்றிலிருந்து பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் வேலை.
பதினொரு நாள் பிந்திவிட்டது.

பையிலிருந்து இரண்டு துண்டு எடுத்தேன்:
எம்.டி.எப். ஒன்று, மஹோகனி ஒன்று.
பசுமரத்தில் யாரும் அடிக்கலாம்,
இது மூன்று வருசம் காய்ந்தது.
கடைக்குள்ள அடிக்க ஏலா அக்கா.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளே போய்
சார்ஜ் ஏறிய பற்றறியோடு வந்தான்.

டக்.

மஹோகனி முனையில் மயிரளவு வெடிப்பு.
அது நெய்லரின் பிழையில்லை, என் அவசரம்,
அரை அங்குலம் உள்ளே தள்ளியிருக்க வேணும்.
தலை சரியான ஆழத்தில் இறங்கியிருந்தது.
நான் பார்த்தது அதையுமில்லை.
பெயின்ட் வாளிகளுக்கு மேல் படுத்திருந்த கடைப்பூனை
ஒரு காதை மட்டும் திருப்பி
மறுபடி மடித்துக்கொண்டது.

இதைத் தாங்கோ.

பில்லில் 'ஆணி கன்' என்று எழுதினான்.
வெட்டி, நெய்லர் என்று எழுதவைத்தேன்.
பஸ்ஸில் மடியில் வைத்துப் போகிற பெட்டி.

மறுநாள் காலை பத்து.
அறை வாசலில் மிஸ்ஸியின் வெள்ளைச் சப்பாத்து.
நிலைச் சட்டத்தை முழங்காலால் முட்டுக் கொடுத்து
மூக்கை அமர்த்தினேன்.

டக்.

கதவைப் பார்த்தேன்.
பத்து வரை எண்ணினேன்.

அடுத்த ஆணி.