பெருக்கின பக்கம்

தோளில் இருபது லிட்டர் ஏறிவிட்டால்
மொழி அதிகம் வேண்டியதில்லை.
ஆக்வா என்று கத்த ஒரு சொல்,
அங்கேயே வை என்பதைப் புரிந்துகொள்ள ஒன்று.
திஹுவானாவின் இந்தச் சரிவில்
டயர்களைப் புதைத்துக் கட்டிய படிகளில்
எட்டு மாதம் இப்படியே ஓட்டினேன்.

எங்கள் ஜெரெமியில் கதவைத் தட்ட மாட்டோம்.
வேலிக்கு வெளியே நின்று "மானம்" என்போம்.
உள்ளேயிருந்து "மரியாதை" என்று குரல் வர வேண்டும்,
அதற்குப் பிறகுதான் செருப்பு நகரும்.
இங்கே யாரிடம் போய் மானம் என்பது?

பச்சைத் தகரக் கதவு.
ஒப்துலியா கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறவள்.
பல்லிடுக்கில் ஊசி. நிமிராமலே சொன்னாள்:
"பாசலே அ லோ பரீதோ."

பாசலே தெரியும். வா. வாங்க இல்லை, வா.
பரீதோவும் தெரியும்:
முதல் மாதம் பஸ் நிலையத்தில்
துடைப்பம்தான் எனக்குச் சோறு போட்டது.
ஆக, பெருக்கின பக்கமாக உள்ளே வா.

சரி, எது பெருக்கின பக்கம்?
தரையெல்லாம் ஸ்பாஞ்ச் துகள், ரெக்சின் நறுக்கு,
நூல், ஒரு நாய், நாயின் மேலும் நூல்.
தப்பான இடத்தை மிதித்துவிடுவேனோ என்று
இருபது லிட்டரோடு ஒற்றைக் காலில் நின்றேன்
கொக்கு மாதிரி.

"என்ன தேடுறே?"
"பெருக்கின இடத்தை."
சிரித்ததில் ஊசி எங்கேயோ விழுந்துவிட்டது.
அதையும் சேர்த்துத் தேடினோம்.
"நான் துடைப்பம் தொட்டு மூணு வாரம் ஆச்சு, மனுஷா.
அது சும்மா ஒரு பேச்சு. வான்னு அர்த்தம், அவ்வளவுதான்.
வால் ஒண்ணும் இருக்கு, கேளு:
தண்ணி தெளிக்காம இருந்தாலும் பரவாயில்லே."

என் கேனின் மூடி கசிந்து
அவள் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.
அதற்கு ஏதோ சொல்லியிருக்கலாம்.
சொல்லத் தெரியவில்லை.

அக்டோபரில் ஒரு ராத்திரி
இரண்டு கேன் பாக்கிப் பணத்தோடு
எங்கள் அறை வரைக்கும் ஏறி வந்தாள்.
ஐந்து ஆள், மூன்று மெத்தை, அடுப்பில் கறுப்பு அவரை.
வாரக்கணக்காக வாயில் உருட்டி வைத்திருந்ததை
எடுத்து நீட்டினேன்:
"பாசலே அல் பாரியோ!"

ஃபெனெலோன் முகத்தைத் தலையணையில் புதைத்தான்.
பரீதோ பாரியோ ஆகிவிட்டது.
இந்தச் சரிவிலேயே பிறந்தவளைப் பார்த்து
வந்து ஒரு வருடம்கூட ஆகாத நான்
எங்கள் பேட்டைக்குள் வா என்கிறேன்.

அவள் திருத்தவில்லை.
"சரி, வரேன்" என்று காலை எடுத்து வைத்தாள்,
அன்று மாலைதான் நான் பூசிய
வாசற்படிச் சிமெண்டின் மேல்.

ஐந்து விரலும் தெரியாது, செருப்புத்தான்,
குதிகாலில் ஒரு பூப் போட்ட அச்சு.
அறையை இப்போது நாள் தவறாமல் பெருக்குகிறேன்.
அந்தப் பள்ளத்துக்குள் மட்டும்
துடைப்பம் சரியாக இறங்குவதில்லை.