யாரும் பொத்தானைத் தொடாத தொண்ணூற்றொன்பது நொடி

நாலாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு.
நால்வர் பங்கு. செல்வின் மட்டும் முந்நூறு பாக்கி,
அடுத்த மாதம் தருவதாக
தவணை முடியாத பைக்கின் மேல் சத்தியம் செய்தான்.

நெல்பேட்டையில்
பேட்டரிக் கடைக்கு மேலே லோகேஸ்வரியின் அறை.
அவள் அண்ணன் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த பெட்டி,
நடுவில் பச்சைக் கோடு விழுந்த டிவி.
ஏழு வருடம் இதற்காகக் காத்திருந்தோம்.
பொய். மறந்துதான் போயிருந்தோம்.
முன்னோட்டப் படம் ஒன்று போனில் வந்த அன்று
ஏழு வருடமாகக் காத்திருந்தவர்கள் ஆகிவிட்டோம்.

தெஷிமா.
அவனுக்காக ஐந்தரைக்குள் வீடு சேர
கீழவாசல் சிக்னலில் பேருந்திலிருந்து குதித்து
இர்பான் முட்டியில் மூன்று தையல்.
தமிழில்தான் பேசுவான் தெஷிமா,
சளி பிடித்த மாதிரி ஒரு குரலில்.
அந்தக் குரல் யாருடையது என்று தெரியவே இல்லை.
பெயர் வருவதற்குள்
சோப்பு விளம்பரம் போட்டுவிடுவார்கள்.

நாற்பத்தொன்றாம் பாகம்.
பாலம் இடிகிறது, குரோபெயோடு.
தெஷிமா வாளை உருவவில்லை, கத்தவில்லை.
கரையில் உட்கார்ந்து
செருப்பைக் கழற்றி
உள்ளே இருந்த மணலைத் தட்டுகிறான்.
ஆறு நிமிடம் அதுதான்.
அன்றைக்கு நாங்கள் யாரும் டியூஷன் போகவில்லை.

விளையாட்டில் அந்தப் பாலம்
கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி:
பின்னர் பாலம் இடிந்தது.
தொடர, வட்டத்தை அழுத்தவும்.
அழுத்தினோம்.
எதிரே குரோபெ நிற்கிறான், முழுசாக,
போன வரியில் செத்தவன்,
அடுத்த சண்டைக்குத் தோளைக் குலுக்கிக்கொண்டு.

தெஷிமாவின் வாய் அசைகிறது.
யாரோ ஓர் அமெரிக்கன் அதற்குள்ளிருந்து சிரிக்கிறான்.
எல்லோருக்கும் ஒரே உதை,
எல்லா ஊருக்கும் ஒரே மைதானம், வானம் மட்டும் வேறு நிறம்.
சுவருக்குள் கை போகிறது, திரும்பி வருவதில்லை.
ஆற்றுக் காட்சியில் தண்ணீரே வரவில்லை.
படகு தரையில் நிற்கிறது,
அதைச் சுற்றி வெறும் மணல்.
“இவனுகளுக்கு வைகையை எவன்டா காட்டுனது?”
என்றான் இர்பான்.
சிரித்தோம். பிறகு சிரித்ததற்காகக்
கொஞ்சம் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

“அம்புட்டுதானா?” என்றாள் லோகேஸ்வரி
பெயர்ப் பட்டியல் ஓடும்போது.
மூன்று மணி நேரம் பத்து நிமிடம்.

பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தோம்.
செல்வினும் நானும் சும்மா ஒரு சண்டையைப் போட்டுவிட்டு
சாப்பிட ஆரம்பித்துவிட்டோம்.
சால்னாக் கையோடு தொட்டால் அவள் கொன்றுவிடுவாள்.
திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.
எழுபது. அறுபது.
நாற்பதில்
தெஷிமா உட்கார்ந்தான்.

யாரும் எதையும் அழுத்தவில்லை.
செருப்பைக் கழற்றினான்.
இரண்டு தட்டு. கொஞ்சம் நிறுத்தி, இன்னொன்று.
தண்ணீர் வராத ஆற்றுப் பக்கம்
குரோபெ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பரோட்டாவை வாயில் வைத்தபடியே
லோகேஸ்வரி சொன்னாள்:
“யாரோ பாத்திருக்காங்கடா.”

யாரோ. எந்த ஊரிலோ,
மாதக் கடைசிக் கெடு கழுத்தில் நிற்க,
மேலாளர் வீட்டுக்குப் போன பிறகு
கேட்காத ஒன்றை வரைந்து
யாரும் தேடாத இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
மூன்றாவது தட்டு வரை நினைவிருந்திருக்கிறது.

பூஜ்யம். மணி அடித்தது.
‘சமம்’ என்றது திரை.
முழங்கையால் அழுத்தி மறுபடி ஆரம்பித்தாள்.
சால்னா ஆறியது.
மறுபடி உட்கார்ந்தான்.

பத்தாம் நாள் டவுன்ஹால் ரோட்டில்
ஆயிரத்து நூறுக்கு விற்றேன்.
“எப்படி இருக்கு தம்பி?” என்றார் கடைக்காரர்
தட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் தேடியபடி.
“விளையாடாம இருந்தா நல்லாருக்கும்ணே.”
லந்து என்று நினைத்து ஐம்பது குறைத்தார்.

செல்வினின் முந்நூறு இன்னும் வரவில்லை.