துளையிட்ட டிக்கெட்

மாந்தாஸ் நிலையத்தில்
எஞ்சினுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள்,
மாட்டுக்குக் காட்டுவதுபோல, அவசரமில்லாமல்.

டிக்கெட் எடுத்தது அக்டோபரில், இரண்டு பேருக்கு.
ஏப்ரலில் வந்து நிற்பது நான் மட்டும்.
பணம் திரும்பக் கிடைக்காது என்று
அடியில் பொடி எழுத்தில் இருந்ததை
உர்பானோ அன்றே வாசித்துக் காட்டினான்.
பொடி எழுத்தை விடாமல் வாசிப்பவன் அவன்.

பரிசோதகர் ஜெசுயினா
இரண்டையும் வாங்கி இரண்டிலும் துளையிட்டாள்.
'இன்னொருவர்?'
'வரவில்லை.'
ஜன்னலோர இருக்கையைப் பார்த்து
வராதவருக்கும் சேர்த்து
ஒருமுறை தலையசைத்துவிட்டுப் போனாள்.

தண்டவாளங்களுக்கு நடுவே
என் ஒரு எட்டுதான் இடைவெளி.
இவ்வளவு ஒடுக்கமாக ஒரு மலையை ஏறலாமென
யாரோ ஒருத்தர் நம்பி
மேசையில் குனிந்து கோடு போட்டிருக்கிறார்.
அந்தக் கோட்டின்மேல்தான்
இந்தக் கரி, இந்த மரப்பலகை,
தொடையில் ஒட்டும் பழைய வார்னிஷ்,
உதட்டில் புகைத்தூளோடு
மீசை வைத்துக்கொண்ட ஒரு டச்சுக் குழந்தை
எல்லாம் குலுங்கிக்கொண்டு போகிறோம்.

கருவேலப் பட்டை உரித்த மரங்கள்
இடுப்புவரை சிவந்து நின்றன.
ஒரு வெள்ளாடு எங்களை முந்திப்போய்
அடுத்த வளைவில் காத்திருந்தது.
மலையடிவாரத் தேவாலயம் ஒன்றை
இடப்பக்கம் பார்த்தேன், பிறகு வலப்பக்கம்,
பிறகு மறுபடி இடப்பக்கம், கொஞ்சம் சிறிதாக.

சாதாலி தாண்டி
நிலையமே இல்லாத இடத்தில் ரயில் நின்றது.
சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தான் ஒருவன்.
பெயர் ஆந்தியோகோ.
பின்னால் வாயைப் பிளந்து கிடந்தது வேன்,
காலடியில் ஒரு மரப்பெட்டி.
உள்ளே முப்பதாயிரம் தேனீ.
வெயில் ஏறுவதற்குள் சேயூய் போகவேண்டுமாம்.

ஓட்டுநர் பாகீஸியோ விதிப்புத்தகம் புரட்டினார்.
நாய் இருந்தது. சைக்கிள் இருந்தது.
கூண்டில் கோழி, ஐந்துவரை, இருந்தது.
தேனீ இல்லை.

ஜெசுயினா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:
'டிக்கெட் இருந்தால் ஏறலாம்.
துளையிட்ட டிக்கெட் ஒன்று ஆளில்லாமல் இருக்கிறது.'
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
அடுத்த நிமிடம் எல்லோரும்
அடுத்த பெட்டியில் இருந்தார்கள்.

ஜன்னலோரம் வைத்தோம்.
சரியாமல் இருக்க என் கழுத்துத் துணியால் கட்டினேன்.
ஆந்தியோகோ கதவருகே நின்றுகொண்டான்.
வேர்வை நாற்றத்துக்குக் கோபம் வருமாம் அதுகளுக்கு.

பலகை வழியாக வந்தது ரீங்காரம்.
காதுக்கு முன்னால் தொடைக்குக் கேட்டது.
உர்பானோ தூக்கத்தில் இப்படித்தான்,
இல்லை, வேண்டாம்,
ஒப்பிடுவதில்லை என்று
கப்பலிலேயே முடிவு செய்திருந்தேன்.

சுரங்கம் வந்தது.
இருட்டியதும் பெட்டி அடங்கிப்போனது.
யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு
பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி.
நான் பெட்டியின்மேல் கை வைத்தேன்.
சுட்டது, காய்ச்சல்காரர் நெற்றி அளவுக்கு.
வெளிச்சம் வந்தபோது கையை எடுக்கவில்லை.

எந்த இடுக்கில் வந்ததோ,
ஒற்றைத் தேனீ ஜன்னல் கண்ணாடியில் ஏறியது.
எதிர்மலைச் சரிவை
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
நடந்தே கடந்தது.
பார்த்துக்கொண்டே இருந்ததில்
மலையைப் பார்க்க விட்டுவிட்டேன்.

சேயூயில் இறக்கினார்கள்.
அழுக்குக் குப்பியில் போன கார்த்திகைத் தேன் கொடுத்தான்.
'கசக்கும். பழகாதீர்கள், விலை அதிகம்.'
விரலால் தொட்டு நக்கினேன்.
கசந்தது. இன்னொரு விரல் நக்கினேன்.
கழுத்துத் துணி பெட்டியோடே போய்விட்டது,
கேட்கத் தோன்றவில்லை.

ஜெசுயினா சீட்டுக்கட்டைப் புரட்டிக்கொண்டு வந்தாள்.
'நாளை திரும்பும்போதும் உங்களுக்கு இரண்டு.'
'ஆமாம்.'
'லானுசேயியிலிருந்து ஒரு தையல் மிஷின் வரவேண்டியிருக்கிறது.
கனம். ஆனால் சத்தம் போடாது.'

ஜன்னலோரம் எனக்கு வேண்டும் என்றேன்.