பதினான்காம் கேள்வி

கடந்த ஏழு நாட்களில்
இறைச்சி, மீன், முட்டை
எத்தனை தரம் உண்டீர்கள்?

பாசையூரில் ஒரு தகர வீட்டு வாசலில்
தாளை முழங்காலில் வைத்து வாசித்தேன்.
றெஜினாக்கா விரல்களை மணந்து பார்த்தா.
"நண்டு மணமும் கணக்கோ, தம்பி?"

கொம்பனியில் நண்டுச் சதை எடுக்கிறா.
கிலோவுக்குத்தான் கூலி.
சதை வெளிநாடு போகும்,
கோது கீறிய விரல் வீட்டுக்கு வரும்.
கட்டம் சிறியது. பூச்சியம் என்று எழுதினேன்.

துவாரகன் மோட்டச்சைக்கிளில் இருந்து
பொதியை இறக்கினான். பீடத்தில் நாங்கள் சேர்த்தது:
அரிசி, பருப்பு, ஒரு ரின்மீன்.
ரின்மீனைப் பார்த்து அவ சிரித்த சிரிப்பில்
எனக்குக் காது சுட்டது.

"வைச்சிட்டுப் போங்கோ, வேண்டாமெண்டு சொல்லமாட்டன்.
கணக்குப் படிக்கிற பிள்ளையளெல்லே,
இதையும் ஒருக்காக் கூட்டிப் பாருங்கோ."

மா ரின்னுக்குள் இருந்து
நிறுவைத் துண்டுகள், நாற்பத்தொன்று,
மை கலைந்து, உப்புப் படிந்து.
ஒவ்வொன்றிலும் 'தண்ணிக் கழிவு'
முந்நூறு கிராம், சிலநாள் நானூறு.

துவாரகன் போனில்,
நான் தாளின் பின்பக்கத்தில்,
பதினான்காம் கேள்விக்கு நேர் பின்னால்.
இரண்டு தரம் கூட்டியும் ஒரே விடை:
பதின்மூன்று கிலோ நானூறு.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை.
எழும்பிப்போய்
வேலிக்கு மேலால் குரல் கொடுத்தா:
"மெற்றில்டா, உன்ரை துண்டுகளையும் எடுத்துக்கொண்டு வா."

பிறகு ஆறு பேர் வந்தார்கள்.
போனில் சார்ஜ் முடிந்தது.
மூன்று மணிக்கு
வறுமைக்கோடு பற்றி விரிவுரை.
போகவில்லை.
அக்காவின் மகளிடம்
ஒரு பென்சில் கடன் கேட்டோம்.