பெயர் என்ற கட்டம்

மைனஸ் முப்பத்தொன்று.
உலான்பாத்தரின் வடக்கு மேட்டில்
கூடார வீடுகளின் புகைக்குழாய்களை
முகர்ந்து பார்ப்பது என் உத்தியோகம்.

ஆலையில் அழுத்திய கரிக்கட்டி என்றால்
புகை மெலிந்து வரும், லேசாகக் களிமண் வாடை.
தோண்டியெடுத்த பச்சைக் கரி என்றால்
நாக்கின் அடியில் ஒரு காசை வைத்தது போலிருக்கும்.
தடை வந்த ஆண்டே
என் மூக்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

இன்றிரவு பதினேழாவது வேலி.
நாய் ஒரு முறை குரைத்தது,
மறுமுறை குரைக்கக் குளிர் விடவில்லை.
கதவைத் திறந்தவள் தோளில் குழந்தை.
அதன் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு சின்ன எந்திரம்
பற்றிக்கொள்ள மறுத்து உறுமிக்கொண்டிருந்தது.

"உள்ளே வாங்க, சூடு வெளியே போகுது."
சோதனைக்கு வந்தவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அடுப்புக்குப் பின்னால்
மாவு என்று அச்சிட்ட சாக்கில் கரி.
தராசுக் கொக்கியில் மாட்டினேன்.
இருபத்து மூன்று கிலோ.

என் மைத்துனன் ஷிரெந்தேவ்
தெற்கே எல்லைச் சாலையில் கரி லாரி ஓட்டுகிறான்.
போன வாரம் வரிசையில் நான்கு நாள்.
முன்னால் லாரி, பின்னால் லாரி,
நடுவில் ஸ்டவ்வில் கொதிக்கும் நூடுல்ஸ்.
அவன் வண்டியில் மட்டும் தொண்ணூறு டன்.
அது போகலாம். அது ஏற்றுமதி.
அது எல்லையைத் தாண்டும்போதெல்லாம்
தொலைக்காட்சியில் ஒரு பச்சை அம்பு மேலே ஏறுகிறது,
அம்பின் கீழே ஓர் அமைச்சர் சிரிக்கிறார்.
அவரே வெளிநாட்டு மாநாட்டு மேடையில்
புகை நிற்கப்போகும் ஆண்டைச் சொல்லும்போது
ஆஸ்பத்திரியில் வயதைச் சொல்பவர் போல
குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.

குறை சொல்லவில்லை.
அந்த அம்பிலிருந்துதான் என் சம்பளம்,
இந்தக் குழந்தைக்கு வரும் மாத உதவித்தொகையும்.
என் அடுக்குமாடி வீட்டில்
குழாய் வழியே வரும் வெந்நீரின் சூடு தாங்காமல்
ஜனவரியிலும் ஜன்னலைத் திறந்துவைக்கிறோம்.
அந்தச் சூட்டுக்கும் புகைக்குழாய் உண்டு,
ஊருக்கு மேற்கே,
என் மூக்கு எட்டாத உயரத்தில்.

"கரிக்கட்டிக் கிடங்கு மூணு நாளாப் பூட்டியிருக்கு."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
"ராத்திரி கரண்ட் பாதி விலைன்னாங்க. ஹீட்டர் போட்டேன்,
தெருவே இருண்டுபோச்சு. சண்டைக்கு வந்தாங்க."
அதற்கும் இல்லை.
இருப்பவை: எடை. பொருள். பெயர்.

"பெயர்?"
"நெர்குய்."

எங்கள் மொழியில் அதற்குப் பொருள், பெயர் இல்லை.
முன்பு பிறந்தவை தங்காத வீட்டில்
பின்னால் வரும் பிள்ளைக்கு இப்படி வைப்பார்கள்,
தேடி வரும் கெட்டது
ஆளில்லை என்று திரும்பிப் போகட்டும் என்று.

பேனா மை உறைந்திருந்தது.
வாயருகே வைத்து ஊதினேன்.
ஆள் பெயரென்றால் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும்.
நான் சின்ன எழுத்தில் தொடங்கினேன்.
பொய்யென்றால் அவ்வளவுதான் பொய்.

அலுவலகத்தில் இதைக் கணினியில் ஏற்றும் பெண்
உரிமையாளர் அற்ற சாக்கு என்று படிப்பாள்.
அபராதம் எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியாமல்
இந்த மேட்டில் சுற்றிக்கொண்டிருக்கும்.

"காலை ஆறு மணிக்கு வண்டி வந்து எடுத்துப்போகும்.
அதுவரை சாக்கு உங்க காவலில்."
அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அடுப்பை.
எழுதியிருப்பது இருபத்து மூன்று.
காலையில் எத்தனை இருக்கும் என்று
இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

வேலியைத் தாண்டுவதற்குள்
அவள் குழாயிலிருந்து கறுப்பாய் எழுந்தது.
நாக்கின் அடியில் அந்தக் காசு.
துப்பவில்லை.
வாயில் அடக்கிக்கொண்டே
பதினெட்டாவது வேலிக்கு நடந்தேன்.