உராய்வைப் புறக்கணிக்க

ஐம்பது கிலோ திணிவு.
நாலு மீற்றர் பலகை,
ஒரு நுனி மற்றதைவிட எண்பது சென்ரிமீற்றர் உயரம்.
ஓய்விலிருந்து விடப்படுகிறது.
உராய்வைப் புறக்கணிக்க.

கேள்வி எழுதியவர் சல்லிக்கு வந்திருக்கமாட்டார்,
ஆனால் எங்கள் ஐஸ் வாடியில் கிடப்பது
கிட்டத்தட்ட அந்தப் பலகைதான்.
மீதிக்கு இரண்டு செங்கல் வைத்துச் சரிக்கட்டினேன்.

கொப்பியில் ஆர்முடுகல் இரண்டு.
நேரம், தசமம் இல்லாமல், இரண்டு செக்கன்.
அப்படி வந்தால் ஒரு சந்தோசம்,
செருப்புக்குள் மணல் இல்லாத மாதிரி.

விடிய ஐந்து மணி.
திருகோணமலைச் சந்தைக்குப் போகும் லொறி
வாசலில் உறுமிக்கொண்டு நின்றது.
"தள்ளாதே, சும்மா கையை எடு" என்றேன் சூசைதாசிடம்.
போனை அமத்தினேன்.
கட்டி யோசித்து யோசித்து இறங்கியது.
மூன்று செக்கன்.
இன்னொரு கட்டி. மூன்றும் சொச்சமும்.

"கணக்குப் பிழையோ, ஐஸ் பிழையோ?"
ஓ.எல்லோடு படிப்பை விட்டவன்;
என் வகுப்புத்தான், கடைசி வாங்கு.

குனிந்து பார்த்தேன்.
மரத்தூள். காய்ந்த மீன் செதில். நேற்றைய உப்பு.
நடுவில் ஓர் ஆணி, அரை அங்குலம் தலை நீட்டி.
ஒரு செக்கனை இத்தனை பேர்
பங்கு போட்டிருக்கிறார்கள்.

அடுத்த கேள்வி மின்னேற்றம்.
மாரியில் இது சரிவராது:
சீப்பை எவ்வளவு உரசினாலும்
ஈரக்காற்று எல்லாவற்றையும் நக்கிவிடும்.
இப்போது கச்சான்.
உதடு வெடிக்கிறது, தலைமயிர் சடசடக்கிறது,
கிழித்த வினாத்தாள் துண்டுகள்
துள்ளி வந்து சீப்பில் ஒட்டுகின்றன.
ஒட்டிய சில உடனேயே எகிறி ஓடுகின்றன.
தொட்டதும் அதே ஏற்றம் வந்துவிடுகிறது,
பிறகு ஒன்றையொன்று பிடிக்காது.

"இதுக்கும் கணக்கிருக்கா?"
"இருக்கு. தூரம் பாதியானால் விசை நாலு மடங்கு."
சூசைதாஸ் கொஞ்சம் யோசித்தான்.
ஓர் எட்டுப் பின்னால் போய் நின்றான்.
லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

ஆகஸ்டில், மண்டபத்தில், இரண்டு என்றே எழுதுவேன்.
புள்ளி அதற்குத்தான்.
மூன்றைக் கொப்பியின் பின்மட்டையில் வைத்திருக்கிறேன்,
ஆணியின் படத்தோடு.

மறுநாள் ஆணி இல்லை.
பலகையில் சுத்தியல் பட்ட தடம்,
பக்கத்தில் கூட்டி ஒதுக்கிய மரத்தூள்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை, கையை எடுத்தான்.

இரண்டு தசம் ஏழு.