இரண்டு காற்புள்ளிகள்

தருமபுரி கலெக்டர் ஆபீஸ் எதிரே, வரிசையில் மூன்றாவது கடை.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய், இங்கிலீஷ் என்றால் அறுபது.
வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், தொலைந்துபோன மார்க் ஷீட்.
இன்று ஒரு விசாக் கடிதம்.

ஏரியூர்ப் பக்கமிருந்து வந்திருந்தாள் மாதம்மாள்.
மஞ்சள் பைக்குள் பாஸ்போர்ட்,
அதைச் சுற்றி ஒரு பாலித்தீன் கவர்,
அதைச் சுற்றி இன்னொன்று.

"அயர்லாந்துல நர்ஸா இருக்கிற எம் மக
டிக்கெட் போட்டிருக்கிறா. அதை எழுதும்மா."

தமிழில் அது ஒரே மூச்சு.
அடையாளம் முன்னால் நடக்கும்,
ஆள் பின்னால் வருவாள்.
கூட வேறு யாராவது உண்டா என்று
பெயரெச்சம் விசாரிப்பதில்லை.
ஒரு மகளோ ஒன்பது மகளோ,
'இருக்கிற' எல்லோருக்கும் பொது.

இங்கிலீஷ் அப்படி விடாது.
மை டாட்டர் என்று முதலில் ஆளை நிறுத்தும்.
பிறகு ஹூ.
அந்த ஹூவுக்கு முன்னால் விரல் தயங்கும் இடத்தில்
கணக்குக் கேட்கும்.
ஒரே மகள் என்றால் கமா போடு,
நர்ஸ் என்பது உபரிச் செய்தி, அவ்வளவுதான்.
கமா இல்லையென்றால்
வாக்கியம் கூட்டத்துக்குள் கை நீட்டுகிறது:
இவள். மற்றவள் இல்லை.

படிவத்தைப் பார்த்தேன். பிள்ளைகள்: ஒன்று.
முன்னால் ஒரு கமா, பின்னால் ஒரு கமா,
சுபிதாவின் வேலையை நடுவில் உட்காரவைத்தேன்.

"இது என்ன, எறும்பாட்டம்?"
திரையைத் தொட்டாள்.
சொன்னேன். அரசுக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்த இங்கிலீஷ்,
கேட்பாரில்லாமல் கிடந்தது,
கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன்.
"இது இருந்தா உங்களுக்கு ஒரே பொண்ணு.
இல்லேன்னா இன்னும் உண்டுன்னு அர்த்தம்,
அதுல எந்தப் பொண்ணுன்னு அடையாளம் சொல்றீங்க."

வெளியே பென்னாகரம் பஸ் ஹாரன் அடித்தது.
யூபிஎஸ் ஒருமுறை கத்தி அடங்கியது.
மாதம்மாள் இன்னும் விரலை எடுக்கவில்லை.

"அப்ப அதை எடுத்துடு."
"எதை?"
"அந்தப் புள்ளிய."
புள்ளியா, புள்ளையா,
அவள் வாயில் இரண்டுக்கும் ஒரே சத்தம்.
"ரெண்டையுமா?"
"ரெண்டையும்."

படிவத்தில் ஒன்றுதானே என்று இழுத்தேன்.
"அதுல இருக்கிறதக் கேட்டான், இருக்கிறதச் சொன்னேன்.
இது நான் எழுதறது."

எந்த வருஷம் என்று கேட்கவில்லை.
காய்ச்சலா என்று கேட்கவில்லை.
பெயர் வைத்திருந்தீர்களா என்று
நாக்கு நுனிவரை வந்ததைக் கேட்கவில்லை.
இந்த மாவட்டத்தில் பிறந்து, இருக்கிற பெண் நான்.

பேக்ஸ்பேஸை இரண்டு முறை தட்டினேன்.
சொற்கள் நெருங்கி உட்கார்ந்துகொண்டன,
பஸ்ஸில் ஒருத்தி இறங்கியதும்
மற்றவர்கள் நகர்ந்து உட்காருவதைப்போல.
இல்லை, தப்பு. இங்கே ஒருத்தி ஏறியிருக்கிறாள்.

டெல்லியில் இதைப் பார்க்கப்போகிறவர்
டைப்பிங் பிழை என்று நினைப்பார்.
நினைக்கட்டும்.

அறுபது ரூபாயை எண்ணிவைத்தவள்
படியில் இறங்கித் திரும்ப ஏறினாள்.
"இன்னொண்ணு குடு. எனக்கு."
எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாதவள்
அந்தத் தாளில் சரியாக ஹூவுக்கு முன்னால்
நகத்தால் அழுத்தி ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.

ஜெராக்ஸுக்கு இரண்டு ரூபாய்.
வாங்கிக்கொண்டேன்.